‘சப்போஸ்ட் டு’ என்று எழுதினால் நடந்ததா, நடக்கவில்லையா?

மண்டபம் கணக்கர்:

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் ஒரு நண்டுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆங்கிலக் கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்புத்தான். நீலக்கால் நண்டின் சதையைப் பிரித்து, டின்னில் அடைத்து ஏற்றுமதி செய்வது எங்கள் தொழில். வெளிநாட்டில் சரக்கு எடுப்பவர் அனுப்பிய ஒரே மின்னஞ்சலில் ‘சப்போஸ்ட் டு’ என்னும் தொடர் மூன்று இடங்களில் வந்திருக்கிறது. மூன்றுக்கும் பொருள் ஒன்றாக இல்லை என்பது தெரிகிறது. ஆனால் முதலாளிக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும்போது எப்படிச் சொல்வது என்பதில் இடறுகிறது. அந்த வரிகள் இவை:

‘த சாம்பிள்ஸ் வேர் சப்போஸ்ட் டு ரீச் அஸ் ஆன் மன்டே.’
‘கிராப் ஃப்ரம் யுவர் கோஸ்ட் இஸ் சப்போஸ்ட் டு பி ஸ்வீட்டர்.’
‘யூ ஆர் நாட் சப்போஸ்ட் டு மிக்ஸ் த டூ கிரேட்ஸ்.’

முதல் வரியை, ‘மாதிரிகள் திங்கட்கிழமை வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார்’ என்று முதலாளியிடம் சொன்னேன். ‘சேர்ந்துவிட்டது என்கிறாரா, சேரவில்லை என்கிறாரா?’ என்று அவர் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். அகராதி ‘கருதப்படுகிற’, ‘எதிர்பார்க்கப்படுகிற’ என்று மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நாளைக் காலைக்குள் பதில் எழுதிவிடுவேன்.

கீழக்கரை ஆசிரியை:

கணக்கர் அவர்களே, முதல் வரியில் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை, நம் தமிழில் இருக்கிறது. ‘வந்திருக்க வேண்டும்’ என்பதை நாம் இரண்டு விதமாகப் பேசுகிறோம். கரையில் நிற்கும் ஒருவர் வாடிப்பக்கம் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு ‘படகு வந்திருக்க வேண்டும்’ என்றால், வந்துவிட்டது என்று ஊகித்துச் சொல்கிறார். அதே ஆள், விடிந்து வெகுநேரமாகியும் படகைக் காணாமல் ‘இந்நேரம் வந்திருக்க வேண்டும்’ என்றால், வரவில்லை என்று கவலைப்படுகிறார். நேரில் கேட்பவருக்குக் குரலும் முகமும் வேறுபாட்டைக் காட்டிவிடும். எழுத்தில் அது காணாமல் போய்விடுகிறது.

ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனித் தொடர்கள் உண்டு. ஊகமாகச் சொல்வது ‘த போட் மஸ்ட் ஹாவ் கம்’. வர வேண்டிய ஏற்பாடு இருந்தது என்பது ‘த போட் வாஸ் சப்போஸ்ட் டு கம்’. ஆகவே உங்கள் வரியைத் தமிழில் ‘மாதிரிகள் திங்கட்கிழமையே எங்களிடம் வந்து சேர வேண்டியவை’ என்று சொல்லுங்கள். ‘வேண்டியவை’ என்று முடித்தால், அடுத்து ‘இன்னும் வரவில்லை’ என்பது சொல்லாமலே கேட்பவர் காதில் விழுந்துவிடும். உங்களுக்கு எழுதியவரும் அதைத்தான் சொல்லாமல் சொல்கிறார். நேராக ‘மாதிரிகள் வரவில்லை’ என்று எழுதினால் குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும் என்று, ஏற்பாட்டை மட்டும் நினைவூட்டி நிறுத்தியிருக்கிறார்.

இரண்டாம் வரி, ‘உங்கள் கரையோர நண்டு இனிப்பாக இருக்குமாம்’. மூன்றாம் வரி, ‘இரண்டு தரத்தையும் கலக்கக் கூடாது’. இவ்வளவும் ஒரே தொடரிலிருந்து எப்படி வந்தன என்றால், அடியில் உள்ள பொருள் ஒன்றேதான். இப்படி இருக்கும், இப்படி நடக்கும், இப்படி நடக்க வேண்டும் என்று வேறு யாரோ வைத்திருக்கிறார்கள். பேசுபவர் அதை எடுத்துச் சொல்கிறார், அவ்வளவுதான். விதித்தவர் அவர் இல்லை, உண்மை என்று கையெழுத்துப் போடுபவரும் அவர் இல்லை. நண்டு இனிப்பு என்று ஊரார் வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை சேரும் என்று ஒப்பந்தம் வைத்திருக்கிறது. கலக்கக் கூடாது என்று தர விதி வைத்திருக்கிறது. மூன்றிலும் உண்மை நிலை வேறாக இருக்கலாம் என்று ஒரு கதவு திறந்தே கிடக்கிறது. ‘சப்போஸ்ட் டு’ வருமிடத்தில் எல்லாம் நான் முதலில் அந்தக் கதவைத்தான் தேடுவேன்.

தெற்குவாடி:

டீச்சர் சொன்னதில் மூன்றாவது வரியைப் பற்றி எனக்கு ஒரு மறுப்பு உண்டு. கல்லூரியில் எங்களோடு படித்தவர்கள் பலர் ‘யூ ஆர் நாட் சப்போஸ்ட் டு கம் டுமாரோ’ என்பதை ‘நாளை நீ வரத் தேவையில்லை’ என்ற பொருளில்தான் சொல்வார்கள். ‘வர வேண்டும்’ என்பதற்கு எதிர்மறை ‘வர வேண்டாம்’ அல்லது ‘வர வேண்டியதில்லை’ தானே? சொற்களை வரிசையாக எடுத்துப் பார்த்தாலும் ‘நாட்’ என்பது ‘சப்போஸ்ட்’ என்பதைத்தான் மறுக்கிறது. ‘கூடாது’ எங்கிருந்து வந்தது?

கீழக்கரை ஆசிரியை:

கேள்வி நல்லது. உங்கள் தொழிலிலிருந்தே எடுத்துக்கொள்வோம், தம்பி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது: ‘டிராலர்ஸ் ஆர் நாட் சப்போஸ்ட் டு கோ அவுட்’. நாட்டுப்படகுகள் அந்தத் தடைக்குள் வராததால், அவை கரையில் நிற்க வேண்டியதில்லை: ‘கன்ட்ரி போட்ஸ் டோன்ட் ஹாவ் டு ஸ்டே அஷோர்’. விசைப்படகுக்காரர் ‘டோன்ட் ஹாவ் டு கோ’ என்பதற்கும் ‘நாட் சப்போஸ்ட் டு கோ’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கலைத்துவிட்டு, போனாலும் போகலாம் என்று புறப்பட்டால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

‘நாட்’ எந்தச் சொல்லோடு ஒட்டி நிற்கிறது என்பதைப் பார்த்துப் பொருளை முடிவு செய்ய முடியாது. ‘ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்’ என்பதைப் பாருங்கள். ‘நினைக்கவில்லை’ என்று நினைத்தலை மறுத்தாலும், ‘அவர் வர மாட்டார் என்று நினைக்கிறேன்’ என்றுதான் எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். நினைத்தல், எதிர்பார்த்தல், கருதுதல் போன்ற வினைகளை மறுக்கும்போது மறுப்பு உள்ளே இறங்கி அடுத்த வினையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இங்கேயும் அதுதான். ‘கலக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள்’. உங்கள் நண்பர்கள் ‘வரத் தேவையில்லை’ என்று சொல்ல விரும்பினால் ‘யூ டோன்ட் ஹாவ் டு கம்’ என்பதே அதற்கு உரிய தொடர். மற்றதைச் சொன்னால் கேட்பவர், ‘ஏன், நான் வந்தால் என்ன?’ என்று முகம் சுளிக்கக் கூடும்.

ராமேசுவரம் வழிகாட்டி:

வெளிநாட்டுப் பயணிகளோடு பேசியே பிழைப்பவன் என்பதால் எனக்கும் இதில் சொல்ல இருக்கிறது. பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. ஆனால் 1988-இல் அந்தப் பாலம் திறந்த காலம்தொட்டு அதில் நிறுத்திக் கீழே ரயில் பாலத்தைப் பார்க்காத சுற்றுலா வண்டி குறைவு. இப்போது புதிய தூக்குப் பாலமும் வந்துவிட்டதால் கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. வண்டியை நிறுத்தச் சொல்லும் பயணிகளிடம் நான் ‘வீ ஆர் நாட் சப்போஸ்ட் டு ஸ்டாப் ஹியர்’ என்று சொன்னால், அவர்கள் உடனே சிரித்துக்கொண்டு ‘ஜஸ்ட் டூ மினிட்ஸ்’ என்கிறார்கள். ‘வீ கான்ட் ஸ்டாப் ஹியர்’ என்று சொன்னால் பேசாமல் இருக்கிறார்கள். எனக்கு முன்பு இதன் காரணம் பிடிபடவில்லை. டீச்சர் சொன்ன திறந்த கதவு இதுதான் போலும். ‘விதி அப்படி இருக்கிறது’ என்று நான் சொல்லும்போது, ‘விதி இருந்தாலும் நடப்பது வேறு’ என்று அவர்களாகவே சேர்த்துக் கேட்டுக்கொள்கிறார்கள்.

அறிவிப்புப் பலகை எதிலும் ‘சப்போஸ்ட் டு’ என்ற தொடர் இருக்காது என்பதையும் கவனிக்கலாம். பலகை விதிக்கிறது: ‘நோ பார்க்கிங்’, ‘டு நாட் ஸ்டாப்’. அதைப் படித்துவிட்டு மற்றவருக்குச் சொல்பவர்தான் ‘நாட் சப்போஸ்ட் டு’ என்கிறார்.

இரண்டாவது வகை, அதாவது ‘-ஆம்’ வகை, என் தொழிலுக்கு உயிர்நாடி. தேவிபட்டினத்துக் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களைக் காட்டி, இராமர் நவக்கிரகங்களாக நிறுவியவை என்பது ஐதீகம் என்று சொல்ல வேண்டும். ‘ராமா இன்ஸ்டால்ட் தீஸ் ஸ்டோன்ஸ்’ என்றால் வரலாற்றுச் செய்தியாகக் கேட்டுக்கொண்டு ஆண்டு என்ன என்று குறிப்பேட்டை எடுப்பவர்கள் உண்டு. ‘ராமா இஸ் சப்போஸ்ட் டு ஹாவ் இன்ஸ்டால்ட் தெம்’ என்றால் இது நம்பிக்கை என்று விளங்கிவிடும். இங்கே ‘டு’ என்பதற்குப் பின் ‘ஹாவ்’ வருவதைக் கவனியுங்கள்; சொல்வது இன்றைக்கு, செயல் என்றைக்கோ முடிந்தது.

ஆனால் பக்தர்கள் முன் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. தமிழில் ‘ஐதீகம்’ என்றால் மரியாதை குறைவதில்லை. ‘சப்போஸ்ட் டு’ என்பதில் ‘எனக்கென்னவோ சந்தேகம்தான்’ என்ற வாடை சில நேரம் அடிக்கிறது. அவர்கள் முன் ‘இஸ் பிலீவ்ட் டு ஹாவ் இன்ஸ்டால்ட்’ என்று மாற்றிக்கொள்கிறேன்.

தொண்டி மாலுமி:

ஓய்வு பெற்ற கப்பல்காரன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். வழிகாட்டித் தம்பி பலகையைப் பற்றிச் சொன்னது கப்பலில் நூற்றுக்கு நூறு பொருந்தும்.

கப்பலும் கப்பலும், கப்பலும் துறைமுகமும் வானொலியில் பேசிக்கொள்வதற்கென்றே பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001-ஆம் ஆண்டு ஒரு தொடர்த் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. பல நாட்டு மாலுமிகள் அரைகுறை ஆங்கிலத்தில் பேசி விபத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அதில் ‘மே’, ‘மைட்’, ‘ஷுட்’, ‘குட்’ போன்ற துணைவினைகளை இரட்டைப் பொருள் தருபவை என்று பெயர் சொல்லியே தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ‘நீங்கள் இன்ன இடத்தில் நங்கூரம் போட வேண்டும்’ என்று ‘ஷுட்’ போட்டுச் சொல்லக் கூடாது. முதலில் ‘அட்வைஸ்’ என்று கூறிவிட்டு, அதன்பின் ‘ஆங்கர் இன் ஆங்கரேஜ் பி த்ரீ’ என்று நேராகச் சொல்ல வேண்டும். ஆலோசனையா, கட்டளையா, எச்சரிக்கையா, கேள்வியா என்பதை வாக்கியத்துக்கு முன்பே ஒரு சொல்லால் அறிவித்துவிடுவது அதன் முறை.

இப்போது ‘யூ ஆர் சப்போஸ்ட் டு ஆல்டர் கோர்ஸ்’ என்று எதிர்க் கப்பல் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கப்பல் திரும்ப வேண்டும் என்று கட்டளையிடுகிறாரா? விதிப்படி திரும்ப வேண்டியவர்கள் நாங்கள் என்று வாதாடுகிறாரா? திரும்பியிருக்க வேண்டும், ஏன் திரும்பவில்லை என்று திட்டுகிறாரா? இருட்டில் இரண்டு கப்பல் நெருங்கும்போது இந்த மூன்றில் எது என்று யோசித்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. ஆகவே உயிரும் பணமும் சம்பந்தப்பட்ட இடத்தில், நாம் எழுதும் வாக்கியத்தில் இந்தத் தொடரைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. பிறர் எழுதியதைப் புரிந்துகொள்ள மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.

தங்கச்சிமடம் வாசகர்:

மாலுமி ஐயா சொல்வதற்கு நம் ஊர் ஆவணம் ஒன்றே சான்று. 1974-ஆம் ஆண்டு கச்சத்தீவு ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்குச் சென்று வரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ இலங்கை கேட்காது என்று கூறுகிறது. அதில் உள்ள வினை ‘வில் எஞ்சாய் ஆக்சஸ்’, ‘வில் நாட் பி ரிக்வயர்ட்’ என்பவை. ஒப்பந்தம் எழுதுபவர் ‘ஆர் சப்போஸ்ட் டு எஞ்சாய்’ என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடுமுன்பே அந்த உரிமையில் பாதி போயிருக்கும். அதே விஷயத்தைக் கரையில் நிற்கும் நாம் ஆங்கிலத்தில் சொன்னால், ‘வீ ஆர் சப்போஸ்ட் டு ஹாவ் ஆக்சஸ்’ என்றுதான் சொல்லுவோம். தாளில் இருப்பதற்கும் கடலில் நடப்பதற்கும் உள்ள தொலைவு அந்தத் தொடருக்குள் வந்துவிடுகிறது. உரிமையைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு வலைகளைக் காயப்போடவும் அந்தோணியார் திருவிழாவுக்குப் போகவும் மட்டும்தான் என்று அதற்குப் பொருள் சொன்னவர்களைப் பற்றி இங்கே விரிவாகவே எழுதலாம்...

மட்டுறுத்துநர்:

கச்சத்தீவுக்குத் தனி இழை இருக்கிறது. அரசியலை அங்கே தொடரலாம். ‘வில்’ பற்றிய குறிப்பு பயனுள்ளது என்பதால் இந்தப் பதிவை நீக்கவில்லை.

மண்டபம் கணக்கர்:

அனைவருக்கும் நன்றி. முதலாளியிடம் ‘சேர வேண்டியவை’ என்று சொன்னவுடன், ‘அப்படியென்றால் வரவில்லை’ என்று அவரே முடித்துவிட்டார். மாதிரிப் பெட்டி விமான நிலையச் சுங்கத்தில் நிற்பதாகச் சரக்கனுப்பும் முகவர் சொல்கிறார். கீழே உள்ளபடி பதில் எழுத எண்ணியிருக்கிறேன்; தமிழ் எழுத்திலேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

‘த சாம்பிள்ஸ் ஆர் ஸ்டில் வித் கஸ்டம்ஸ். தே ஆர் சப்போஸ்ட் டு பி ரிலீஸ்ட் டுமாரோ. ரிகார்டிங் த கிரேட்ஸ், வாட் இஸ் தட் சப்போஸ்ட் டு மீன்? வீ டு நாட் மிக்ஸ்.’

கடைசி வரியில் ‘நீங்கள் சொல்வதன் பொருள் என்ன’ என்று பணிவாகக் கேட்பதாக நினைத்து எழுதியிருக்கிறேன். உண்மையிலேயே எந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்கிறார் என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

கீழக்கரை ஆசிரியை:

அனுப்பிவிடாதீர்கள்! ‘வாட் இஸ் தட் சப்போஸ்ட் டு மீன்?’ என்பது பணிவான கேள்வி இல்லை. ‘என்ன, குத்திக் காட்டுகிறாயா?’ என்று சட்டையைப் பிடிக்கும் கேள்வி. கேள்வியாக வரும்போது இந்தத் தொடரின் குணம் பெரும்பாலும் மாறிவிடுகிறது. ‘வாட் ஆம் ஐ சப்போஸ்ட் டு டு?’ என்றால் ‘நான் என்னதான் செய்வது?’ என்று கையை விரிப்பது. ‘ஹௌ வாஸ் ஐ சப்போஸ்ட் டு நோ?’ என்றால் ‘எனக்கு எப்படித் தெரியும்? ஜோசியமா?’ என்று சலிப்பது. ‘வேர் ஆம் ஐ சப்போஸ்ட் டு சைன்?’ போல எரிச்சல் இல்லாமல் நடைமுறை கேட்கும் கேள்விகளும் இருக்கின்றன என்றாலும், ‘மீன்’ என்ற வினையோடு சேர்ந்தால் சண்டை நிச்சயம். அதற்குப் பதிலாக ‘குட் யூ டெல் அஸ் விச் கார்ட்டன் யூ மீன்?’ என்று எழுதுங்கள். நீங்கள் கேட்க விரும்பியதும் எந்தப் பெட்டி என்பதைத்தானே!

இரண்டாம் வரியைப் பற்றி மாலுமி காக்கா சொல்லட்டும். அவர் முகம் எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

தொண்டி மாலுமி:

டீச்சர் சரியாகப் பிடித்துவிட்டார். ‘நாளை விடுவிக்கப்பட வேண்டும், ஆனால் யார் கண்டார்’ என்று சரக்கு எடுப்பவரிடம் நீங்களே எழுதிக் கொடுப்பானேன்? சுங்கத்தார் சொன்ன தேதி என்றால் ‘கஸ்டம்ஸ் ஹாவ் டோல்ட் அஸ் தே வில் ரிலீஸ் தெம் டுமாரோ’ என்று, சொன்னவரைச் சுட்டி எழுதுங்கள். காலஅட்டவணையில் உள்ளது என்றால் ‘ஸ்கெடியூல்ட்’ அல்லது ‘டியூ’. ‘த ஃப்ளைட் இஸ் டியூ டு லீவ் அட் டென்’ என்பதில் ஐயம் தொனிக்காது. அதையே ‘சப்போஸ்ட் டு லீவ் அட் டென்’ என்றால், அந்த விமானத்தின் பழைய சரித்திரம் உங்களுக்குத் தெரியும் என்று பொருள்.

தெற்குவாடி:

டீச்சர் முதலில் எழுதியதில் இன்னொரு இடம் எனக்கு நெருடுகிறது. ‘வாஸ் சப்போஸ்ட் டு’ என்றால் நடக்கவில்லை என்பது சொல்லாமலே விழும் என்றீர்கள். எப்போதுமா? 2020 டிசம்பரில் புரெவிப் புயல் பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரையைக் கடக்கும் என்றார்கள். பாம்பனில் கூண்டு ஏற்றினார்கள்; நாங்கள் வலை, மடி, பெட்டி எல்லாவற்றையும் மேட்டில் ஏற்றிவைத்துவிட்டு விழித்துக்கொண்டிருந்தோம். அது மன்னார் வளைகுடாவிலேயே நின்று வலுவிழந்து போய்விட்டது. ‘புரெவி வாஸ் சப்போஸ்ட் டு கிராஸ் நியர் பாம்பன்’ என்றால் கடக்கவில்லை என்பது பொருந்துகிறது. ஆனால் ‘இட் வாஸ் சப்போஸ்ட் டு ரெயின், அண்ட் இட் டிட்’ என்றும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்களே?

கீழக்கரை ஆசிரியை:

எழுதுகிறார்கள். ஆகவே ‘நடக்கவில்லை’ என்பது அந்தத் தொடரின் நேர்ப்பொருள் இல்லை. பேசுபவர் விட்டுவிட்ட இடத்தில் கேட்பவர் நிரப்பிக்கொள்வது. நடந்திருந்தால் ‘மழை பெய்தது’ என்று நேராகச் சொல்லியிருக்கலாமே, ஏன் ஏற்பாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறார் என்று கேட்பவர் யோசிக்கிறார், நடக்கவில்லை என்று முடிவு கட்டுகிறார். ‘அண்ட் இட் டிட்’ என்று நாமே பின்னால் சேர்த்துவிட்டால் அவர் நிரப்பியது கலைந்துவிடும். தமிழிலும் ‘அவர் நேற்று வர வேண்டியவர்’ என்று நிறுத்தினால் வரவில்லை என்பது விழும். ‘நேற்று வர வேண்டியவர், சொன்னபடியே வந்துவிட்டார்’ என்றும் தாராளமாகச் சொல்லலாம்.

நடக்கவில்லை என்பதை இன்னும் அழுத்தமாக உணர்த்த வேண்டுமானால் ‘ஷுட் ஹாவ்’ இருக்கிறது. ‘தே ஷுட் ஹாவ் ரீச்ட் அஸ் ஆன் மன்டே’ என்று சரக்கு எடுப்பவர் எழுதியிருந்தால் குற்றச்சாட்டு இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். ‘ஷுட்’ என்பதில் பேசுபவரின் சொந்தத் தீர்ப்பு இருக்கிறது. ‘சப்போஸ்ட் டு’ என்பதில் அவர் ஒப்பந்தத்தின் பின்னால் ஒதுங்கி நிற்கிறார். சேதுசமுத்திரத் திட்டத்தை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். ‘ஷிப்ஸ் வேர் சப்போஸ்ட் டு பாஸ் த்ரூ த பாக் ஸ்ட்ரெய்ட்’ என்றால், 2005-இல் தொடங்கியபோது போட்ட திட்டம் அது என்று மட்டுமே சொல்கிறோம். ‘ஷுட் ஹாவ் பாஸ்ட்’ என்றால், நிறைவேறியிருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறோம். மட்டுறுத்துநர் பயப்பட வேண்டாம், நான் எந்தப் பக்கமும் சாயவில்லை.

ராமேசுவரம் வழிகாட்டி:

எழுத்தில் பலரும் கடைசி ‘டி’யை விட்டுவிட்டு ‘சப்போஸ் டு’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலேயர்களே அப்படி எழுதி அனுப்பும் குறுஞ்செய்திகள் எனக்கு வருகின்றன. அது பிழையா, புது வழக்கா?

கீழக்கரை ஆசிரியை:

பிழைதான். காது செய்யும் பிழை. விரைவாகப் பேசும்போது ‘சப்போஸ்ட்’ என்பதன் ‘டி’ அடுத்து வரும் ‘டு’வின் ஒலியோடு கரைந்துவிடுகிறது. அதோடு, தனி வினையாக ‘ஹி சப்போஸ்ட்’ என்று சொல்லும்போது நடுவில் வரும் ஒலி ‘ஜீப்ரா’ என்று நாம் எழுதும் சொல்லின் முதலொலிபோல அதிரும். ‘சப்போஸ்ட் டு’ என்று தொடராக வரும்போது அந்த அதிர்வு போய் ‘ஸ்’ என்றாகிவிடும். ‘யூஸ்ட் டு’, ‘ஹாவ் டு’ ஆகியவற்றிலும் இதே மாற்றம் உண்டு. ‘ஹாவ் டு’ என்பதை அவர்கள் ‘ஹாஃப் டு’ என்று ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒலி எப்படிக் கரைந்தாலும் எழுத்தில் ‘டி’ இருக்க வேண்டும்.

நம் பிள்ளைகளின் பிழை வேறு. அவர்கள் ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ என்பதை விழுங்கிவிட்டு ‘ஐ சப்போஸ்ட் டு கோ’ என்று எழுதுகிறார்கள். தமிழில் ‘நான் போக வேண்டியவன்’ என்பதில் ‘இருக்கிறேன்’ தேவைப்படாததால் ஆங்கிலத்திலும் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். விடைத்தாளில் நான் அதிகம் வட்டமிடுவது இந்த இடத்தைத்தான்.

திருப்புல்லாணி மாணவன்:

டீச்சர், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்களுக்குச் செயப்பாட்டுவினைப் பயிற்சியில் ‘பீப்பிள் சப்போஸ் தட் ஹி இஸ் ரிச்’ என்பதை ‘ஹி இஸ் சப்போஸ்ட் டு பி ரிச்’ என்று மாற்றச் சொல்கிறார்கள். அப்படியானால் ‘ஹி இஸ் சப்போஸ்ட் டு பி அட் த ஜெட்டி’ என்பதையும் ‘பீப்பிள் சப்போஸ் தட் ஹி இஸ் அட் த ஜெட்டி’ என்று திருப்பி எழுதலாமா? இங்கே ‘அவர் படகுத்துறையில் இருக்கிறாராம்’ என்பது பொருளா, ‘இருக்க வேண்டியவர்’ என்பது பொருளா?

கீழக்கரை ஆசிரியை:

திருப்பி எழுத முடிகிறதா என்பதே நல்ல சோதனை, தம்பி. ‘-ஆம்’ வகையை மட்டும்தான் ‘பீப்பிள் சப்போஸ் தட்’ என்று திருப்ப முடியும். ‘பணக்காரராம்’ என்பது திரும்பும். ‘தரத்தைக் கலக்கக் கூடாது’ என்பதைத் திருப்பி ‘நீங்கள் கலப்பதில்லை என்று மக்கள் கருதுகிறார்கள்’ என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும். கடமை, ஏற்பாடு, தடை ஆகிய பொருள்களில் இந்தத் தொடர் பழைய செயப்பாட்டுவினை வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு துணைவினைபோலவே வேலை செய்கிறது.

நீ கேட்ட படகுத்துறை வாக்கியம் இரண்டு பக்கமும் போகும். தனியாகக் கொடுத்தால் விடை சொல்ல முடியாது; தேர்வில் அப்படித் தனியாகக் கேட்டால் கேள்வியே குறையுடையது. பின்னால் ‘பட் நோபடி ஹாஸ் சீன் ஹிம்’ என்று வந்தால் ‘இருக்கிறாராம், யாரும் பார்க்கவில்லை’. ‘பட் ஹி இஸ் ஸ்டில் அட் ஹோம்’ என்று வந்தால் ‘துறையில் இருக்க வேண்டியவர் இன்னும் வீட்டில் இருக்கிறார்’. பொதுவாக, டு என்பதற்குப் பின் குணத்தைச் சொல்லும் வினை வந்தால் ‘-ஆம்’ பக்கமும், செயலைச் சொல்லும் வினை வந்தால் ‘வேண்டும்’ பக்கமும் சாயும். ‘பி அட்’ போன்ற இருப்பைச் சொல்பவை நடுவில் நிற்கும். அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள வரியைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

மண்டபம் கணக்கர்:

‘கார்ட்டன்’ வரியோடு பதில் போய்விட்டது. ஏழாம் எண் பெட்டியில் கால் சதை கலந்திருப்பதாகப் படம் அனுப்பியிருக்கிறார், பார்த்தோம், உண்மைதான். இனிப் பேச வேண்டியது பேக்கிங் பிரிவோடு.